வொய்ஃப் துக்கத்துக்கு ஊருக்குப் போயிருக்கும்போது டர்பன்ல வீட்டை நடத்துறது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஊர்ல மாமனாரோ மாமியாரோ தவறிட்டாங்கன்னு ராத்திரி ஃபோன் வருது, நாலு பேருக்கும் டிக்கெட் போட முடியாது, பசங்களுக்கு டெஸ்ட் நடக்குது, அதனால வொய்ஃப் மட்டும் கிளம்புறாங்க, நீங்க பசங்களோட இங்கயே இருக்கீங்க. சவுத் ஆப்பிரிக்கால இருக்கிற நம்மள மாதிரி குடும்பம் எல்லாத்துக்கும் என்னைக்காவது ஒரு நாள் இது வரும். வந்தா என்ன பண்றதுன்னு, நாங்க பண்ணினது, இங்க டர்பன்ல தெரிஞ்ச மத்த வீடுகள்ல பாத்தது எல்லாத்தையும் சேர்த்து எழுதுறேன். புருஷன் ஊருக்குப் போய் வொய்ஃப் இங்க இருந்தாலும் முக்காவாசி இதேதான்.

எல்லாத்துக்கும் மேல ஒரு ரூல் வெச்சுக்கோங்க. வீட்டைப் பத்தின கேள்வி எதுவும் அவங்க ஃபோனுக்குப் போகக் கூடாது. அங்க அவங்க அம்மா பக்கத்துல உக்காந்து வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் அப்பா எப்படிப் போனாருன்னு திருப்பித் திருப்பி சொல்லிட்டிருப்பாங்க, அந்த நேரத்துல "துவரம்பருப்பு எந்த டப்பா"ன்னு மெசேஜ் போனா என்ன ஆகும். பதில் போடுவாங்க, அதான் பிரச்சனையே. போட்டுட்டு உடம்பு அங்கயும் மனசு இங்க கிச்சன்லயும் இருக்கும். வீடு சுத்தமா இருக்கா, சாம்பார்ல உப்பு சரியாங்கிறதெல்லாம் ரெண்டாவது, கீழ சொல்ற ஒவ்வொரு வேலையும் இந்த ரூலுக்காகத்தான்.

கிளம்புறதுக்கு முன்னாடி கிடைக்கிற சில மணி நேரம்

டிக்கெட்தான் முதல்ல. டர்பன்ல இருந்து எமிரேட்ஸ்ல துபாய் எட்டு மணி நேரத்துக்கு மேல, அங்கேர்ந்து சென்னை நாலு மணி நேரம், நடுவுல வெயிட்டிங், அப்புறம் சென்னைலேர்ந்து தஞ்சாவூர் பக்கமோ மதுரை பக்கமோ ரோடு. திருச்சிக்கு டிக்கெட் கிடைச்சா பாருங்க, டெல்டா பக்கம் வீடுன்னா அது பெரிய மிச்சம். விலை கம்மியா இருக்குன்னு எத்தியோப்பியா, கென்யா வழியா போற டிக்கெட்டப் பாத்தீங்கன்னா மஞ்சக் காய்ச்சல் ஊசி சர்டிபிகேட் பத்தி புக் பண்றதுக்கு முன்னாடியே ஏர்லைன்ஸ்ல கேட்டுருங்க, ஏன்னா அந்த ஊசி போட்டு 10 நாள் கழிச்சுத்தான் சர்டிபிகேட் செல்லும், அவசரத்துக்கு உதவாது.

டிக்கெட் கன்ஃபர்ம் ஆன உடனே மச்சானுக்கு நீங்க ஃபோன் பண்ணணும், அவங்க இல்ல, நீங்க. எத்தனை மணிக்கு லேண்ட் ஆகும், வெளிய வர எவ்வளவு நேரம், வீட்டுக்கு எத்தனை மணிக்கு வந்து சேருவாங்கன்னு பச்சையா சொல்லிருங்க. அங்க பெரியவங்க எடுக்கிற நேரம் குறிக்க அவசரப்படுவாங்க, ஃப்ரீசர் பெட்டில வெச்சு பொண்ணு வர்ற வரைக்கும் காத்திருக்கிறதா வேணாமான்னு பேச்சு ஓடும். தெளிவான நேரம் இல்லாம "வந்துட்டிருக்கா"ன்னு மட்டும் சொன்னா ரெண்டு பக்கமும் தவிப்புதான். முடியாதுன்னா அதையும் இப்பவே பேசி முடிச்சுடணும். வழியில துபாய்ல ஒரு நாற்காலில தனியா உக்காந்து, எடுத்துட்டாங்கன்னு வாட்ஸ்அப் குரூப்ல பாத்துத் தெரிஞ்சுக்கிற நிலைமை யாருக்கும் வர வேணாம்.

அடுத்து விசா. இந்தியன் பாஸ்போர்ட்ல இங்க டிபெண்டன்ட் விசால இருக்காங்கன்னா முடியிற தேதியப் பாருங்க. ஏற்கனவே தேதி தாண்டியிருந்து அப்படியே ஏர்போர்ட்டுக்குப் போனா, 30 நாளுக்குள்ள ஓவர்ஸ்டேன்னா ஒரு வருஷம், அதுக்கு மேலன்னா 5 வருஷம் திரும்ப உள்ள வர முடியாம பண்ணிருவாங்க. ரின்யூவலுக்குப் போட்டு பதில் வரலைன்னா அந்த ரசீது கையில இருக்கட்டும், ஏர்போர்ட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி இமிக்ரேஷன் ஏஜென்ட் யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டுருங்க. சின்னக் குழந்தைய அம்மா கூட்டிட்டுப் போறாங்கன்னா பர்த் சர்டிபிகேட்டும், நீங்க சம்மதம்னு ஒரு அஃபிடவிட்டும் குடுத்து விடுங்க. பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்லயே சத்தியம் வாங்கி ஸ்டாம்ப் போட்டுக் குடுப்பாங்க, காசு கிடையாது, ராத்திரியும் திறந்திருக்கும்.

பெட்டி நீங்களே கட்டுங்க. அவங்கள உக்கார வெச்சு என்ன வேணும்னு கேட்டா எதுவும் தோணாது. காட்டன் புடவை, சுடிதார், தினம் போடுற மாத்திரை (தைராய்டு மாத்திரைதான் எல்லாரும் விடுறது), ஃப்ளைட்ல போத்திக்க ஒரு சால்வை, சார்ஜர், இந்தியன் சிம், கொஞ்சம் இந்திய ரூபா இருந்தா அது. போதும், மீதி அங்க கிடைக்கும்.

அவங்க குளிக்கப் போயிருக்கிற நேரத்துல ஃபோனை எடுத்து வீட்டை ஃபோட்டோ எடுங்க. மளிகை அலமாரி, ஒவ்வொரு டப்பா மூடியையும் திறந்து, மருந்து டப்பா, பசங்க யூனிஃபார்ம் அலமாரி, சாவி மாட்டுற இடம், ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கிற ஸ்கூல் பேப்பர். இது விளையாட்டு இல்ல, மூணாவது நாள் இதான் உங்களைக் காப்பாத்தும்.

அதவிட முக்கியம் ஓடிபி. ஸ்கூல் ஃபீஸ் ஆப், மெடிக்கல் எய்ட் (இங்கத்த மருத்துவக் காப்பீடு), மளிகை வீட்டுக்கே வரவழைக்கிற செக்கர்ஸ் சிக்ஸ்டி60 ஆப், முனிசிபாலிட்டி பில், அலாரம் கம்பெனி, எது எது அவங்க நம்பர்ல இருக்குன்னு பாருங்க. மாத்த முடிஞ்சத ஏர்போர்ட் போற வழியில கார்லயே மாத்திருங்க, மாத்த முடியாததுக்கு அவங்க இங்கத்த சிம்ல ரோமிங் ஆன் பண்ணிட்டுக் கிளம்பணும், இந்தியா போய் இறங்கினப்பறம் ஆன் பண்றது பெரிய தலைவலி. அங்க இந்தியன் சிம் போட்டப்புறம் வாட்ஸ்அப், நம்பர் மாத்தணுமான்னு கேக்கும், வேணாம்னு குடுத்துட்டா பழைய நம்பரே ஓடும்.

"மாப்பிள்ளை வரலையா?"

இந்தக் கேள்விய துக்க வீட்ல யாராவது ஒரு பெரியம்மா கேட்டே தீருவாங்க, அது போய் விழுறது உங்க வொய்ஃப் தலைமேல. கோடி போடுறதுலேர்ந்து பதினாறாம் நாள் வரைக்கும் மாப்பிள்ளை வீட்டுப் பக்கம்னு சில முறை இருக்கு, ஆள் இல்லைன்னா வெறுமையா தெரியும். அதனால முதல் நாளே உங்க அப்பாவோ அண்ணனோ சித்தப்பாவோ யாராவது ஒருத்தர உங்க சார்பா நேர்ல போக வையுங்க, கோடித் துணி, மாலை எல்லாம் அவங்க வாங்கிட்டுப் போகட்டும், காசு நீங்க அனுப்பிருங்க. அத்தைக்கும் மச்சானுக்கும் நீங்களே ஃபோன் பண்ணிப் பேசுங்க. "லீவு கிடைக்கல அத்தை"ன்னு ஆரம்பிக்காதீங்க. பசங்க ரெண்டு பேரையும் நான் பாத்துக்கிறேன், அவ எத்தனை நாள் வேணும்னாலும் உங்ககூட இருக்கட்டும்னு சொல்லுங்க, அதான் அவங்களுக்கு வேண்டியது.

ஆபீஸ் லீவு

இது நிறைய பேருக்குத் தெரியாது. இங்கத்த சட்டத்துல ஃபேமிலி ரெஸ்பான்சிபிலிட்டி லீவுன்னு வருஷத்துக்கு 3 நாள் சம்பளத்தோட உண்டு, 4 மாசத்துக்கு மேல வேலைல இருந்து, வாரத்துக்கு 4 நாளாவது வேலை செய்யறவங்களுக்கு. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கூடப் பிறந்தவங்க, புருஷன் பொண்டாட்டி, புள்ளைங்க, பேரப்புள்ளைங்க தவறினா எடுக்கலாம். மாமனார், மாமியார் அந்த லிஸ்ட்ல கிடையாது. உங்க வொய்ஃப் இங்க வேலை பாக்கிறாங்கன்னா அவங்களுக்கு 3 நாள் உண்டு, உங்களுக்கு அந்தக் காரணத்துக்கு இல்ல. சில கம்பெனி தானா குடுப்பாங்க, பாலிசியப் படிச்சுப் பாருங்க. ஆனா அதே 3 நாள் குழந்தைக்கு உடம்பு சரியில்லைன்னாலும் எடுக்கலாம்னு சட்டத்துல இருக்கு, இந்த சமயத்துல பசங்களுக்குக் கட்டாயம் ஒரு ஜுரம் வரும், அதுக்கு அதைப் பத்திரமா வெச்சுக்கோங்க. வேணும்னா ரெண்டு நாள் ஆனுவல் லீவு போடுங்க, முதல் வாரத்துல இல்ல, ரெண்டாவது வாரம் நடுவுல. முதல் வாரம் எல்லாரும் உதவிக்கு வருவாங்க, ரெண்டாவது வாரம்தான் ஆள் இருக்காது, உங்களுக்கும் அப்பதான் கண்ணு சொருகும்.

மேனேஜர்கிட்ட "சாயங்காலம் 3 மணிக்கு மேல மீட்டிங் வேணாம், பதினாறாம் நாள் முடியிற வரைக்கும்"னு தேதியோட கேளுங்க. பதினாறுன்னா இங்க டர்பன்ல விளக்க வேண்டியதே இல்ல. 1860-ல கப்பல்ல வந்தவங்க வம்சம் இங்க இன்னும் பதினாறாம் நாள் காரியம் விடாம பண்றாங்க, எந்த ஆபீஸ்லயும் நாயுடுவோ கோவெண்டரோ பிள்ளையோ ஒருத்தர் இருப்பாரு, அவரே மேனேஜருக்கு சொல்லிடுவாரு.

பசங்ககிட்ட சொல்றது

அம்மா கிளம்புறதுக்கு முன்னாடி, அம்மா இருக்கும்போதே சொல்லிருங்க. தாத்தா சாமிகிட்ட போயிட்டாரு, தூங்குறாருன்னெல்லாம் சுத்தி வளைச்சா சின்னப் புள்ளைங்க தூங்கவே பயப்படும். தாத்தா செத்துட்டாரு, இனிமே வர மாட்டாரு, அம்மாவுக்கு ரொம்ப அழுகை வருது, பாட்டி கூட இருக்கப் போறாங்க, இந்தத் தேதி திரும்ப வருவாங்க. இவ்வளவுதான். எங்க பையன் எல்லாத்தையும் கேட்டுட்டு ஷூ லேஸைக் கட்டிக்கிட்டே "அப்போ அம்மாவும் அங்கயே இருந்துருவாங்களா?"ன்னு கேட்டான். பெரும்பாலான பசங்களுக்குக் கேள்வி இதுதான், தாத்தா இல்ல. அதனால ரிட்டர்ன் டிக்கெட்ட பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்க, தேதி தள்ளிப் போனா பழைய தேதிய அடிச்சுட்டுப் புதுசு எழுதுங்க, அவங்க கண்ணு முன்னாடி.

அங்க எடுக்கிறத வீடியோ கால்ல காட்டணுமாங்கிறத நீங்க ரெண்டு பேரும் பேசிக்கோங்க. என் கருத்து, பத்து வயசுக்கு மேலன்னா கேட்டுட்டு முடிவு பண்ணலாம், சின்னவங்களுக்கு வேணாம். ஃபோன் ஆடிட்டே இருக்கும், பின்னாடி பறைச் சத்தம், அம்மா கதறி அழுறது மட்டும் துண்டு துண்டா கேக்கும், பக்கத்துல இருந்து கட்டிப் பிடிச்சுக்க முடியாம பாக்கிறது பெரியவங்களுக்கே கஷ்டம். க்ளாஸ் டீச்சருக்கு மறக்காம ஒரு மெயில் போடுங்க, ரெண்டு வரி போதும், இல்லைன்னா ஹோம்வொர்க் செய்யலன்னு திட்டு வாங்கிட்டு வருவாங்க.

வீட்டுக்குள்ள தீட்டு விஷயம் குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். கட்டிக் குடுத்த பொண்ணுக்கு 3 நாள்தான்னு சொல்ற வீடு இருக்கு, பதினாறு வரைக்கும்னு சொல்ற வீடும் இருக்கு, விளக்கேத்தலாமா, கோயிலுக்குப் போலாமா, கறி சமைக்கலாமாங்கிறத உங்க அம்மாகிட்ட ஒரு தடவை கேட்டு அப்படியே பண்ணுங்க. வொய்ஃப்கிட்ட கேக்காதீங்க.

சமையல்

பதினாறு நாள் சைவம்னு வெச்சுக்கிட்டீங்கன்னா சமையல் ஈஸியாத்தான் ஆகும். ஞாயித்துக்கிழமை காலைல குக்கர எடுத்து வெச்சு பருப்பை மொத்தமா வேக வெச்சுருங்க. இங்க துவரம்பருப்புன்னு வாங்கினா எண்ணெய் தடவின ஆயில் தால்தான் முக்காவாசி கடைல, அதை நல்ல சுடுதண்ணில ரெண்டு மூணு தடவ பிசைஞ்சு கழுவணும், இல்லைன்னா சாம்பார் மேல ஒரு படலம் மிதக்கும், பசங்க தொட மாட்டாங்க. வெந்த பருப்பை நாலு டப்பால பிரிச்சு ரெண்டை ஃப்ரிட்ஜ்லயும் ரெண்டை ஃப்ரீசர்லயும் வெச்சா ஒரு நாள் சாம்பார், ஒரு நாள் பருப்பு ரசம், ஒரு நாள் கீரை போட்டு கூட்டு, ஒரு நாள் வெறும் நெய் பருப்பு சாதம். டேஸ்டிக் அரிசிக்கு நம்ம ஊரு பொன்னி கணக்குல தண்ணி வெக்காதீங்க, அது புழுங்கல் நீள அரிசி, உதிரி உதிரியா நிக்கும், குழையணும்னா அரை டம்ளர் கூட ஊத்துங்க.

தயிர் சாதத்துக்கு அமாசி. ஜூலு மக்கள் பாப்போட (மக்காச்சோள மாவுக் களி) சேத்து சாப்பிடுற புளிச்ச பால், எல்லா சூப்பர் மார்க்கெட்லயும் ரெண்டு லிட்டர் கேன்ல கிடைக்கும், தயிர விட மலிவு. கொஞ்சம் பால் கலந்து கடுகு, கறிவேப்பிலை தாளிச்சுட்டா நம்ம வீட்டு மோர்த் தயிர் மாதிரியே இருக்கும், லஞ்ச் பாக்ஸ்ல மத்தியானம் வரைக்கும் புளிக்காம இருக்கணும்னா பால் கூட ஊத்தணும்.

மாவு அரைக்கத் தெரிஞ்சா அரைங்க, இங்கத்த ஜூன் ஜூலை குளிர்னா ஓவன் உள்ள லைட்ட மட்டும் போட்டு பாத்திரத்த உள்ள வெச்சுருங்க, காலைல பொங்கியிருக்கும். தெரியலைன்னா இப்ப கத்துக்க வேணாம், மாவு விக்கிற நம்ம ஊர் அக்கா ஒருத்தர் எல்லா ஏரியாலயும் இருக்காங்க. காய்க்கு வெள்ளி இல்லைன்னா சனிக்கிழமை காலைல சாட்ஸ்வொர்த் பங்களாதேஷ் மார்க்கெட் போங்க, முருங்கைக்கா, சுரைக்கா, பச்ச டபுள் பீன்ஸ், கறிவேப்பிலை கொத்து எல்லாம் அங்கதான், பசங்களையும் கூட்டிட்டுப் போனா ஒரு காலை வேளை ஓடிடும். புதன்கிழமை சமைக்காதீங்க. குவார்ட்டர் பீன்ஸ் பன்னி சோ (கால் பிரெட்டைக் குடைஞ்சு உள்ள பீன்ஸ் குழம்பு ஊத்திக் குடுக்கிறது) வாங்குங்க, சைவம்தான், பசங்களுக்குக் கொண்டாட்டம், பாத்திரமும் இல்ல.

பக்கத்து வீட்டு ஆன்ட்டிங்க சாப்பாடு கொண்டு வருவாங்க, வேணாம்னு சொல்லாதீங்க. இங்கத்த தமிழ் ஆன்ட்டிங்க முக்காவாசி பேருக்குத் தமிழ் பேச வராது, ஆனா துக்க வீட்டுக்கு என்ன சமைக்கணும், என்ன கொண்டு போகக் கூடாதுன்னு நம்மள விட நல்லாவே தெரியும். எங்க எதிர் வீட்டு ஆன்ட்டி பூரியும் உருளைக்கிழங்கும் எடுத்துட்டு வந்து வாசல்லயே நின்னு, "யூ டோன்ட் குக் மீட் டில் சிக்ஸ்டீன் டேஸ், ஓகே பாய்?"ன்னு எனக்குப் பாடம் எடுத்துட்டுப் போனாங்க. டப்பாவுக்கு அடில டேப் ஒட்டி யார் வீட்டுதுன்னு எழுதி வையுங்க. யாராவது "எதாவது வேணுமா"ன்னு கேட்டா "ஒண்ணும் வேணாம்"னு சொல்றது நம்ம பழக்கம், அதை விட்டுட்டு "செவ்வாய்க்கிழமை பையன கிரிக்கெட் பிராக்டீஸ்லேர்ந்து கூட்டிட்டு வர முடியுமா"ன்னு நேரா கேளுங்க. கேட்டவங்களுக்கும் அதான் நிம்மதி.

ஸ்கூல் நாள்

காலைல ஏழரை மணிக்கு ஸ்கூல் வாசல்ல நிக்கணும்னா எல்லா வேலையும் முந்தின ராத்திரியே முடிஞ்சிருக்கணும். யூனிஃபார்ம், சாக்ஸ், தண்ணி பாட்டில், லைப்ரரி புக், ஸ்விம்மிங் பேக். ஸ்கூல் ஆப்ப உங்க ஃபோன்ல இறக்கிக்கோங்க, அதோட அம்மாக்கள் வாட்ஸ்அப் குரூப்ல உங்களைச் சேக்க சொல்லுங்க. நாளைக்கு சிவ்வீஸ் டே, யூனிஃபார்ம் வேணாம், அஞ்சோ பத்தோ ரேண்ட் குடுத்து விடணுங்கிற விஷயம் ஆப்ல வர்றதுக்கு முன்னாடி அங்கதான் வரும். புள்ள ஒருத்தன் மட்டும் யூனிஃபார்ம்ல போய் நின்னா அன்னைக்கு முழுக்க அம்மா ஞாபகம்தான். லிஃப்ட் கிளப்ல (பெத்தவங்க முறை வெச்சு பசங்கள கார்ல கூட்டிட்டுப் போறது) உங்க முறை எந்த நாள்னு பாத்துட்டு, முடிஞ்சா ரெண்டு வாரத்துக்கு யார்கிட்டயாவது மாத்திக்கோங்க, அப்புறம் திருப்பிச் செஞ்சுக்கலாம்.

பொண்ணு இருக்கிற அப்பாங்களுக்குத் தனியா ஒரு விஷயம், தலை பின்னுறது. முடி தோளுக்குக் கீழ வந்தா கட்டியிருக்கணும், ஸ்கூல் கலர்ல ரப்பர் பேண்ட்தான் போடணும்னு ரூல் இருக்கும். காலைல காஞ்ச முடிய சீப்பால இழுத்தா அழுகை, லேட். ராத்திரி படுக்கும்போது லேசா எண்ணெய் தொட்டு, நுனிலேர்ந்து சிக்கெடுத்து மேல வந்து, தளர ஒத்தப் பின்னல் போட்டு விட்டுருங்க. காலைல அவுத்து, சீப்போட வால் முனையால நடு வகிடு எடுத்து, கையில கொஞ்சம் தண்ணி தொட்டுட்டு ரெண்டா பிரிச்சா சொன்னபடி கேக்கும். கோணலா வந்தா அவளே சொல்லுவா, திரும்பப் போடுங்க.

வேலைக்கு வர்றவங்க

வாரத்துல ஒண்ணு ரெண்டு நாள் வீட்டு வேலைக்கு வர்ற அம்மாவ இந்த சமயத்துல கூட ரெண்டு நாள் வர முடியுமான்னு கேக்கலாம், பசங்க ஸ்கூல் விட்டு வர்ற நேரத்துக்கு இருந்தா நீங்க பிழைச்சீங்க. அவங்க நாளை வேற வீட்டுக்கும் குடுத்திருப்பாங்க, அதனால கேட்டு, முடிஞ்சா. குறைஞ்சபட்ச கூலி 2025 மார்ச்ல மணிக்கு 28 ரேண்ட் 79 சென்ட்டா இருந்துச்சு, வருஷா வருஷம் மார்ச்ல ஏறும், நீங்க பாக்கிற வருஷத்து ரேட்டப் பாத்துக்கோங்க, இது கீழ் எல்லைதான், கூட குடுக்கலாம். மாசத்துல 24 மணி நேரத்துக்கு மேல உங்க வீட்ல வேலை பாத்தா யுஐஎஃப் (வேலையிழப்புக் காப்பீட்டு நிதி) கட்டணும், நீங்க 1 சதவீதம், அவங்க சம்பளத்துலேர்ந்து 1 சதவீதம். சாயங்காலம் லேட்டாச்சுன்னா டாக்ஸி ராங்க் (மினிபஸ் டாக்ஸி நிக்கிற இடம்) வரைக்கும் நீங்களே கொண்டு போய் விடுங்க, இருட்டினப்பறம் அவங்க தனியா நிக்க வேணாம். சம்பளம் எவ்வளவு, கேஷா, இ-வாலட்டா (ஃபோன் நம்பருக்குப் பணம் அனுப்புறது)ங்கிறத வொய்ஃப் கிளம்புறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய லிஸ்ட்ல சேத்துக்கோங்க.

கரண்ட், தண்ணி, அலாரம், குரங்கு

வீடே இருட்டாச்சுன்னா முதல்ல பக்கத்து வீட்ல லைட் எரியுதான்னு பாருங்க. அங்க எரியுதுன்னா பிரீபெய்டு மீட்டர்ல யூனிட் தீந்திருக்கும், பேங்க் ஆப்லயே வாங்கிக்கலாம், 20 டிஜிட் நம்பர் வரும், அதை மீட்டர்ல அடிக்கணும், மீட்டர் நம்பர ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. யூனிட் இருந்தும் கரண்ட் இல்லைன்னா டிபி போர்டுல (வீட்டு மெயின் சுவிட்ச் பெட்டி) எர்த் லீக்கேஜ் சுவிட்ச் விழுந்திருக்கும், கெட்டில், அயன் பாக்ஸ், டோஸ்டர் எல்லாத்தையும் பிடுங்கிட்டு மேல தூக்குங்க, நின்னா ஒவ்வொண்ணா திரும்ப சொருகிப் பாருங்க, எது மாட்டினதும் விழுதோ அதான் திருடன். எதுவும் சொருகாமலே விழுந்தா கீசர் சுவிட்ச்ச இறக்கிட்டுப் பாருங்க, அதுக்கும் நிக்கலைன்னா எலக்ட்ரீஷியன்தான். லோட் ஷெடிங் 2022, 2023 மாதிரி இப்ப இல்ல, ஆனா கேபிள் போறதும் தண்ணி நிக்கிறதும் டர்பனுக்குப் புதுசில்ல, அதனால 25 லிட்டர் கேன் ரெண்டு நிரப்பி பாத்ரூம்ல இருக்கட்டும். கரண்ட் போனா கேட்டைக் கையால திறக்கிற சாவி எங்க இருக்குன்னும் தெரிஞ்சிருக்கணும்.

அலாரம் அடிச்சா கம்பெனிலேர்ந்து ஃபோன் பண்ணி பாஸ்வேர்ட் கேப்பாங்க, அந்தக் கால் முதல்ல யார் நம்பருக்குப் போகுதுன்னு பாத்து உங்களோடத மேல போட்டுருங்க, தஞ்சாவூர்ல நடு ராத்திரி அவங்க ஃபோன் அடிச்சு "உங்க வீட்ல அலாரம் அடிக்குது"ன்னு சொல்றது யாருக்கும் நல்லதில்ல.

குரங்கு விஷயம் டர்பன்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், ஆனா அது கிச்சன்ல இருக்கிறவங்க கவலையா இருந்திருக்கும், இப்ப அந்தக் கவலை உங்களுது. கிச்சன் ஜன்னல் ஒரு கை அகலம் திறந்திருந்தாலும் குட்டி உள்ள வந்துரும், வாழைப்பழம், பிரெட், பசங்க சீரியல் பாக்ஸ் எல்லாம் போச்சு. காலைல கிளம்பும்போது கடைசியா பண்ண வேண்டியது ஜன்னல சாத்துறது, அப்புறம்தான் அலாரம். குப்பை நாளன்னைக்கு கறுப்புப் பைய முந்தின ராத்திரி வெளிய வெக்காதீங்க, விடிஞ்சதும் கிழிச்சு ரோடு முழுக்க இழுத்து வெச்சிருக்கும். கிளம்பும்போது வெளிய வையுங்க, ரீசைக்கிளிங் ஆரஞ்சுப் பையோட.

மருந்து டப்பால பசங்க வயசுக்கு ஏத்த பனாடோ (பாராசிட்டமால்) சிரப் இருக்கா, எக்ஸ்பைரி என்னன்னு முதல் வாரமே பாருங்க. ஆம்புலன்ஸ் 10177, செல்ஃபோன்ல இருந்து 112. மெடிக்கல் எய்ட் கார்டு உங்க பர்ஸ்ல இருக்கட்டும்.

ஃபோன்

நமக்கும் இந்தியாவுக்கும் மூணரை மணி நேரம், அங்க முன்னாடி. பசங்கள ராத்திரி எட்டு மணிக்குப் படுக்க வெச்சுட்டு கால் பண்ணலாம்னா அங்க பதினொன்றரை, அவங்க அப்பதான் கண்ணு மூடியிருப்பாங்க. ஸ்கூல் விட்டு வந்த உடனே 3 மணின்னா அங்க ஆறரை, துக்கம் கேக்க ஆளுங்க வர்ற நேரம். பெரும்பாலும் ஒத்து வர்றது காலைல ஆறே கால், அங்க ஒன்பதே முக்கால், பசங்க பல்லு விளக்கிட்டு பால் குடிக்கும்போது அஞ்சு நிமிஷம். சில நாள் எடுக்க மாட்டாங்க, பசங்ககிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுருங்க.

கேள்விங்கள எழுத ஒரு நோட்டுப் போடுங்க. தோணுறத எல்லாம் அதுல எழுதுங்க, ராத்திரி படிச்சுப் பாத்தா பாதிக்கு ஃபோட்டோல பதில் இருக்கும், கால்வாசிக்குப் பக்கத்து வீட்ல பதில் இருக்கும், மீதில முக்காவாசி பதினாறாம் நாளுக்கு அப்புறம் கேட்டா போதும். நிஜமாவே அவங்கதான் சொல்லணுங்கிற கேள்வி வந்தா ஆமா இல்லைன்னு பதில் சொல்ற மாதிரி கேளுங்க, "பொண்ணுக்கு எந்த டாக்டர்"னு இல்லாம "போன தடவை போன அதே டாக்டர்கிட்டயே போறேன், சரியா மா?"ன்னு.

"வீடு எப்படிங்க இருக்கு?"ன்னு அவங்க கேப்பாங்க. "நல்லா இருக்கு"ன்னு மொட்டையா சொன்னா நம்ப மாட்டாங்க, கவலை கூடும். "நேத்து ரசம் வெச்சேன், சின்னவ ரெண்டு தடவ வாங்கி சாப்பிட்டா"ன்னு சொல்லுங்க, நம்புவாங்க. பொய் சொல்ல வேணாம், ஜுரம் வந்தா வந்ததுன்னு சொல்லணும், ஆனா மருந்து குடுத்து இறங்கினப்பறம் சொல்லலாம். மத்தபடி அவங்க அப்பா பத்தி பேசினா பேச விடுங்க, கேட்டதையே திரும்பக் கேட்டாலும் சரி.

தேதி தள்ளிப் போகும்

பதினாறு முடிஞ்ச உடனே வருவாங்கன்னு கணக்குப் போட்டிருப்பீங்க, அத்தைய தனியா விட்டுட்டு வர மனசு வராது, இன்னொரு வாரம்னு கேப்பாங்க. "சரி"ன்னு முதல்லயே சொல்லிருங்க, டிக்கெட் மாத்துற சார்ஜ் என்னன்னு நீங்களே பாத்து வெச்சுருங்க. அந்த ஒரு வாரத்துல முடிக்க வேண்டிய வேலையும் இருக்கு. இறப்புப் பதிவு 21 நாளுக்குள்ள பண்ணணும், அதை மச்சான் பாத்துப்பாரு. வாரிசு சான்றிதழ்ல கட்டிக் குடுத்த பொண்ணு பேரும் வரும், பேங்க், வீடு, நிலம் எதுக்காவது உங்க வொய்ஃப் கையெழுத்து வேணும்னா அங்க இருக்கும்போதே போட்டுட்டு வர்றது நல்லது, இங்க வந்தப்பறம்னா டர்பன் இந்தியன் கான்சுலேட்ல பவர் எழுதி அனுப்பி, அது அங்க ஸ்டாம்ப் ஆகின்னு ரெண்டு மூணு அலைச்சல். ஆனா இதை நீங்க எடுத்துப் பேசாதீங்க, மாமனார் போய் மாசம் ஆகல, மாப்பிள்ளை சொத்தப் பத்திப் பேசுறாருன்னு ஆயிரும். மச்சானோ அத்தையோ பேச்சை எடுத்தா அப்ப சொல்லுங்க.

இங்க 25-ம் தேதியும் 1-ம் தேதியும் டெபிட் ஆர்டர் (அக்கவுண்ட்லேர்ந்து தானா போற மாசக் கட்டணம்) எல்லாம் ஓடும். டிக்கெட்டுக்குச் செலவான அந்த மாசத்துல அக்கவுண்ட்ல பணம் இருக்கான்னு பாத்துக்கோங்க, இல்லைன்னா பவுன்ஸ் ஆகி அதுக்கு ஒரு ஃபைன்.

அவங்க வந்தப்பறம்

வீடு பளபளன்னு இருக்கணும்னு முந்தின நாள் உயிரை விட வேணாம், பெட்ஷீட் மாத்தி, பாத்ரூம் கழுவி, ரசமும் அப்பளமும் வெச்சா போதும். அன்னைக்கே வீட்ட அவங்க கையில திருப்பிக் குடுத்துராதீங்க. ஊர்ல காரியம், ஆளுங்க, சடங்குன்னு ஓடிட்டே இருந்திருப்பாங்க, உக்காந்து அழ நேரம் கிடைக்கிறது இங்க வந்துதான், அதுவும் நீங்க ஆபீஸ் போனப்பறம். லஞ்ச் பாக்ஸும் லிஃப்ட் கிளப்பும் இன்னும் ரெண்டு வாரம் உங்ககிட்டயே இருக்கட்டும். "நான் பாத்துக்கிறேன் குடுங்க"ன்னு கேட்டா ஒண்ணொண்ணா குடுங்க. பெட்டில மாமனாரோட வேட்டியோ கண்ணாடியோ வந்திருக்கலாம், அவங்க பெட்டிய நீங்க பிரிக்காதீங்க.

கடைசியா வருஷ திதி எப்ப வருதுன்னு அத்தைகிட்ட கேட்டுக் குறிச்சு வையுங்க. அது தமிழ் மாசமும் திதியும் பாத்து வர்றது, அதனால இங்கிலீஷ் தேதி அதேதா இருக்காது, பஞ்சாங்கம் பாத்து வாத்தியார்தான் சொல்லணும். தேதி தெரிஞ்சதும் ஸ்கூல் டெர்ம் லீவோட ஒட்டி வருதான்னு பாருங்க, வந்தா இந்தத் தடவை நாலு பேருக்குமா டிக்கெட் போட இப்பலேர்ந்தே மாசா மாசம் கொஞ்சம் எடுத்து வையுங்க, லீவும் முன்னாடியே எழுதிக் குடுத்துருங்க.